30 வீத ரூலிங்: ஒல்லாந்தின் வரிச்சலுகை மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு எவ்வளவு பெறும்?

நெதர்லாந்தில் வேலை கிடைத்தவர்களிடம் ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது. அடுத்தது, "முப்பது வீதம் வரியில்லையாமே, உண்மையா?" உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வெளிநாட்டிலிருந்து எடுக்கப்படும் நிபுணர் ஒருவரின் சம்பளத்தில் 30 வீதம் வரை வரி கழிக்காமல் கொடுக்க வேலைகொடுக்கும் கம்பனிக்கு ஒல்லாந்து அரசு அனுமதிக்கிறது. 30 வீத ரூலிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1638 இல் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்களின் நாடு, இன்று நம் ஊர் மென்பொருள்காரரையும் பொறியியலாளரையும் சலுகை காட்டிக் கூப்பிடுகிறது என்பது ஒரு வேடிக்கை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வருடச் சம்பளம் 66,000 யூரோவைத் தாண்டினால் இது நல்ல சரக்கு. 55,000 க்குள் நின்றால், முதுமாணிப் பட்டம் இருக்கிறதா, வயது முப்பதுக்குக் கீழா என்பதைப் பொறுத்துத்தான் பெறுமதி. இதை எடுத்துத் தருவதாகச் சொல்லி ஊரில் யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. காரணம் எளிது. விண்ணப்பத்தில் கம்பனியும் ஊழியரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும், அது ஹீர்லன் நகரில் இருக்கும் ஒல்லாந்து வரித் திணைக்கள அலுவலகத்துக்குப் போகிறது, திணைக்களம் இதற்குக் கட்டணம் எடுப்பதில்லை. நடுவில் ஒரு முகவர் செய்வதற்கு வேலையே இல்லை.

இனி, அந்த 30 வீதம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்போம். பெரும்பாலானோர் பிழை விடும் இடம் இதுதான். சலுகையைக் கழித்த பிறகு மிஞ்சும், வரிக்கு உட்படும் சம்பளம் ஒரு குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே போகக் கூடாது. 2025 இல் அந்த எல்லை 46,660 யூரோ, 2026 இல் 48,013 யூரோ. ஒவ்வொரு ஜனவரியும் கூடும். முழு 30 வீதமும் கிடைக்க வேண்டுமென்றால் 2025 கணக்கில் 46,660 ஐ 0.7 ஆல் வகுக்க வேண்டும்: 66,657 யூரோ. அதற்குக் கீழே இருப்பவருக்கு, 46,660 க்கு மேலே உள்ள மிச்சம் மட்டும்தான் வரியில்லாமல் வரும்.

உதாரணத்துக்கு, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடப் பொறியியல் பட்டம் முடித்த 27 வயதுக்காரர் ஒருவர். முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட உயர்திறன் பணியாளர் விசாவுக்கு 2025 இல் மாதம் 4,171 யூரோ போதும். கம்பனியும் அந்த எல்லையை ஒட்டியே சம்பளம் போடுகிறது என்று வைப்போம். பன்னிரண்டு மாதத்துக்கு 50,052. அதோடு ஒல்லாந்தில் எல்லோருக்கும் கிடைக்கும் 8 வீத விடுமுறைப் படி 4,004. மொத்தம் 54,056 யூரோ. இதில் 46,660 ஐக் கழித்தால் 7,396 யூரோதான் வரியில்லாப் பங்கு. முப்பது வீதம் என்ற பேச்சு 13.7 வீதமாகிவிட்டது. இந்தச் சம்பளத்துக்குரிய வரி வீதம் 37.48. அதைவிட, அங்கே வரிக் கழிவுகள் வருமானம் கூடக் கூடக் குறையும், வருமானம் குறைந்தால் கூடும். இரண்டையும் சேர்த்தால் வருடத்துக்கு 3,700 யூரோ அளவில் மிச்சம், மாதத்துக்கு 310. வேண்டாமென்று தள்ளுகிற காசில்லை. என்றாலும் முப்பது வீதத்தை நம்பி ஆம்ஸ்டர்டாமில் வாடகைக்கு வீடு பேசியவருக்கு முதல் மாதமே இடிக்கும்.

அதே ஆள், அதே சம்பளம், கையில் முதுமாணிப் பட்டம் இருந்தால் கதை மாறுகிறது. முப்பது வயதுக்குக் கீழே இருந்து, ஒல்லாந்து முதுமாணிக்குச் சமமான பட்டமும் இருப்பவருக்கு எல்லை 2025 இல் 35,468 யூரோ (2026 இல் 36,497). 54,056 இல் முழு 30 வீதமான 16,217 ஐயும் கழித்தாலும் 37,839 மிஞ்சுகிறது, எல்லை தாண்டியாயிற்று. வருட மிச்சம் 7,500 யூரோவுக்கு மேலே போகும், அதாவது முதல் ஆளின் மிச்சத்தைப் போல இரண்டு மடங்கு. இங்கே விசா விதியும் வரி விதியும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. விசாவின் குறைந்த எல்லைக்கு வயது மட்டும் போதும். வரிச்சலுகையின் குறைந்த எல்லைக்கு வயதோடு முதுமாணியும் கட்டாயம். நம் நாட்டு நாலு வருடச் சிறப்புப் பட்டம், முதல் வகுப்பாக இருந்தாலும், இதில் முதுமாணியாக எடுபடாது. முதுமாணிப் படிப்பை முடித்து ஆய்வறிக்கை மட்டும் மிச்சமாக இருப்பவரும் பட்டம் வாங்கிவிட்டுக் கிளம்புவது நல்லது. முப்பதாவது பிறந்தநாள் முடிந்த அடுத்த மாதத்திலிருந்து பெரிய எல்லை பொருந்தும். அப்போது சம்பளம் கூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரியில்லாப் பங்கைக் குறைத்து ஒழுங்கு பண்ண வேண்டும்.

மேலே போகப் போகச் சலுகை கொழுக்கிறது. 80,000 யூரோ வாங்கும் அனுபவசாலிக்கு 24,000 வரியில்லாமல் வரும், வருடத்தில் 12,000 யூரோவுக்கு மேல் கையில் மிஞ்சும். 2025 இல் 76,817 யூரோவுக்கு மேலே வரி 49.5 வீதம் என்பதால் உச்சியில் இருக்கும் காசுதான் முதலில் தப்புகிறது. சலுகையைக் கணக்கிடும் சம்பளத்துக்கு ஒரு கூரையும் உண்டு, 2025 இல் 246,000 யூரோ. அந்தக் கூரை இடிக்கிற உயரத்தில் சம்பளம் வாங்குபவருக்கு இந்த விமர்சனம் தேவைப்படாது.

சம்பளத்துக்கு அடுத்தபடியாக ஆளைக் கவிழ்ப்பது ஒழுங்குமுறை. எது முதலில், எது பிறகு என்பதுதான் எல்லாம். "வெளிநாட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்" என்றால், வேலை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாளில் ஆள் ஒல்லாந்தில் குடியிருக்கக் கூடாது. களுவாஞ்சிக்குடி வீட்டில் இருந்துகொண்டு கையொப்பமிட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பி, அதன் பிறகு விமானம் ஏறியவருக்குப் பிரச்சினை இல்லை. மனைவியின் விசாவில் போய்க் குடியேறி அங்கே வேலை தேடி எடுத்தவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. கணவன் மனைவி இருவரும் நிபுணர் என்றால், இருவரின் ஒப்பந்தமும் ஊரில் இருக்கும்போதே முடிவது இதனால்தான் முக்கியம். டெல்ஃப்டில் முதுமாணி படித்து அங்கேயே வேலை எடுப்பவருக்கும் இல்லை. அங்கே கலாநிதிப் பட்டம் முடித்து ஒரு வருடத்துக்குள் வேலையில் சேர்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு, அதுவும் படிக்க வருமுன் எங்கே இருந்தார் என்பதைப் பார்த்துத்தான்.

அடுத்து 150 கிலோமீற்றர் விதி. முதல் வேலை நாளுக்கு முந்தைய 24 மாதங்களில் 16 மாதத்துக்கு மேல், ஒல்லாந்து எல்லையிலிருந்து 150 கிலோமீற்றருக்கு அப்பால் வாழ்ந்திருக்க வேண்டும். 2025 செப்டெம்பர் 1 இல் வேலை தொடங்கினால் 2023 செப்டெம்பர் 1 முதல் எண்ண வேண்டும். ஏறாவூரில் இருந்தவருக்கோ தோஹாவில் சைட் எஞ்சினியராக நின்றவருக்கோ இது பொருட்டே இல்லை. மாட்டிக்கொள்வது யாரென்றால் ஜேர்மனியின் ஆகன், கொலோன் பக்கம் இரண்டு வருடம் முதுமாணி படித்துவிட்டு எல்லை தாண்டி வேலைக்கு வருபவர். பெல்ஜியம் முழுவதும் லக்சம்பேர்க்கும் அந்த வட்டத்துக்குள் அடங்கும். பட்டம் கூடியதற்குப் பரிசாகச் சலுகை போய்விடுகிறது. இந்த விதி சரியான அநியாயம், ஆனால் விதி விதிதான்.

நேரம். வேலை தொடங்கி நாலு மாதத்துக்குள் விண்ணப்பம் போனால் முதல் நாளிலிருந்தே சலுகை கணக்காகும். "மறுகா பார்ப்பம்" என்று வைத்தால், விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்துதான். ஜனவரி 15 இல் சேர்ந்தவர் ஜூன் 20 இல் அனுப்பினால் ஜூலை 1 தான் தொடக்கம், நடுவில் போன மாதங்கள் திரும்பி வராது. தாமதத்துக்கு வழக்கமான காரணம் அடையாள இலக்கம். நகரசபையில் பதிந்து பி.எஸ்.என். இலக்கம் எடுக்காமல் விண்ணப்பம் நகராது, வாடகை வீட்டு முகவரி இல்லாமல் பல நகரசபைகளில் பதிவும் நகராது. முதல் கிழமையிலேயே பதிவுக்கு நேரம் குறித்துவிட்டு, கம்பனியின் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் ஒரு ஞாபகமூட்டல் அனுப்ப வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டவை பல இடங்களில் கிடப்பில் போயிருக்கின்றன.

ஒப்பந்தத்தில் ஒரு வசனத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்: சலுகை கிடைத்தால், சம்பளத்தின் எவ்வளவு வீதம் வரியில்லாப் படியாக ஊழியருக்குக் கொடுக்கப்படும் என்பது. இதைக் கொடுக்கக் கம்பனிக்குச் சட்டக் கடமை இல்லை. சில இடங்களில் "கையில் இவ்வளவு கிடைக்கும்" என்று நிகரச் சம்பளத்தைப் பேசி முடித்துவிட்டு, சலுகையால் வரும் இலாபத்தைக் கம்பனி தன் பக்கம் வைத்துக்கொள்ளும். அதில் கள்ளத்தனம் ஒன்றுமில்லை, ஒப்பந்தம் அப்படி இருக்கிறது. ஆகவே மொத்தச் சம்பளத்தில் பேசுங்கள், நிகரத்தில் பேசாதீர்கள்.

கிடைத்த பிறகும் இழக்கலாம். அதிகபட்சக் காலம் 60 மாதம், முன்பு ஒல்லாந்தில் இருந்த காலம் இருந்தால் அதிலிருந்து கழியும். கம்பனி மாறினால் மூன்று மாத இடைவெளிக்குள் புது வேலை தொடங்கிப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். யாரும் எண்ணிப் பார்க்காதது சம்பளமில்லா லீவு. மாமாங்கத் தீர்த்தத்துக்கும் தங்கச்சியின் கலியாணத்துக்கும் சேர்த்து இரண்டு மாதம் நோ பே எடுத்தால், அந்த வருடத்து வரிக்குரிய சம்பளம் எல்லைக்குக் கீழே விழலாம். விழுந்தால் அந்த மாதத்துக்கு மட்டும் போவதில்லை, அந்த வருடம் ஜனவரி 1 இலிருந்தே சலுகை இரத்தாகி, பின்னோக்கி வரி கட்ட வேண்டி வரும். எல்லையை ஒட்டிச் சம்பளம் வாங்குபவர் லீவு கேட்குமுன் சம்பளப் பிரிவிடம் ஒரு கணக்குக் கேட்பது புத்தி. 2027 ஜனவரி 1 முதல் 30 வீதம் 27 வீதமாகிறது, சம்பள எல்லையும் பெரிதாக ஏறுகிறது. 2024 க்கு முன்பே சலுகையில் இருந்தவர்களுக்கு மட்டும் பழைய 30 நிற்கும்.

பக்கவிளைவுகளில் கெட்டது ஒன்று, நல்லது இரண்டு. வரிக்குரிய சம்பளம் குறைவதால் வேலையிழப்புக் கொடுப்பனவும் இயலாமைக் கொடுப்பனவும் குறைந்த தொகையிலேயே கணக்கிடப்படும். ஓய்வூதியப் பங்களிப்பும் பல திட்டங்களில் அப்படித்தான். நல்ல பக்கத்தில், பிள்ளைகளின் சர்வதேசப் பாடசாலைக் கட்டணத்தைக் கம்பனி கட்டினால் அது இந்த 30 வீதத்துக்கு வெளியே, தனியாக வரியில்லாமல் போகும். இரண்டாவது சாரதி அனுமதிப்பத்திரம். சாதாரணமாக நம் நாட்டு லைசென்ஸ் அங்கே குடியேறி 185 நாள்தான் செல்லும், பிறகு எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டுக்கும் இருக்க வேண்டும். ரூலிங் உள்ளவர் பரீட்சை இல்லாமல் அதைக் கொடுத்து ஒல்லாந்து லைசென்ஸ் மாற்றி எடுக்கலாம், கூட வாழும் குடும்பத்தாரும் எடுக்கலாம். ஓட்டப் பயிற்சிக்கு அங்கே மணித்தியாலக் கணக்கில் காசு எண்ணிக் கொடுத்தவர்களைக் கேட்டால் இதன் அருமை விளங்கும். லைசென்ஸைக் காலாவதியாகாமல் புதுப்பித்துக்கொண்டு போங்கள்.

பழைய தகவலைப் புதிது போல விற்பதும் நடக்கிறது. ரூலிங் உள்ளவரின் வெளிநாட்டுச் சேமிப்புக்கு ஒல்லாந்து வரி தொடாது என்று இன்னும் சொல்கிறார்கள். அதற்கு இடம் கொடுத்த, ஓரளவுக்கு மட்டும் வதிவாளராகக் கணக்கிடப்படும் தெரிவு 2025 ஜனவரி 1 இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. 2023 இலேயே சலுகையில் இருந்தவர்களுக்கு மட்டும் 2026 முடிவு வரை பொறுத்திருக்கிறார்கள். புதிதாகப் போகிறவர், மட்டக்களப்பு வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கும் காசையும் அங்கே காட்ட வேண்டும். 2025 இல் ஒருவருக்கு 57,684 யூரோ வரை வரியில்லை என்பதால் பெரும்பாலானோருக்குக் கட்ட எதுவும் வராது. அதற்காக மறைக்கத் தேவையில்லை, மறைத்தால்தான் தலைவலி.

மற்ற நாடுகளின் சரக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். டென்மார்க்கில் 27 வீதமும் அதற்கு முன் கழியும் 8 வீதப் பங்களிப்பும் சேர்ந்து 32.84 வீதத் தட்டை வரி, ஏழு வருடத்துக்கு. 2025 இல் மாதம் 78,000 குரோனர் சம்பளம் கேட்டதால் நம்மவரில் மிகச் சிலருக்கே எட்டியது. ஸ்பெயினில் 600,000 யூரோ வரை 24 வீதம், வந்த வருடமும் அடுத்த ஐந்து வருடங்களும். சமூகப் பாதுகாப்பில் பதிந்து ஆறு மாதத்துக்குள் 149 ஆம் இலக்கப் படிவம் போடாவிட்டால் கதை முடிந்தது. நடுத்தரச் சம்பளக்காரருக்கு இந்த 24 வீதம் சில வேளை சாதாரண வரியைவிடக் கூடவும் வரலாம், கழிவுகள் பொருந்தாது என்பதால். இத்தாலியில் 2024 முதல் சம்பளத்தின் பாதிக்கு வரியில்லை, ஐந்து வருடம், ஆனால் நாலு வருடமாவது அங்கே தங்க வேண்டும். ஜேர்மனியில் புதிதாக வருவோருக்கு முதல் மூன்று வருடத்தில் 30, 20, 10 வீதச் சலுகை என்று 2024 இல் ஒரு யோசனை வந்தது. அது சட்டமாகவில்லை. அதைக் காட்டி யாராவது ஜேர்மனி "பக்கேஜ்" விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கிலாந்துதான் அதிகம் ஏமாற்றப்படும் இடம். 2025 ஏப்ரல் 6 முதல், பத்து வருடம் வெளியே இருந்துவிட்டு வருபவருக்கு நாலு வருடச் சலுகை உண்டு என்பது சரி. அது வெளிநாட்டு வருமானத்துக்கு மட்டும், அங்கே வாங்கும் சம்பளத்துக்கு ஒரு பென்ஸும் குறையாது. தாதியாகப் போகும் ஒருவர் கல்லடி வீட்டை மாதம் 40,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று வைப்போம். வருடம் 480,000 ரூபா. பவுண் 400 ரூபா என்று எடுத்தால் 1,200 பவுண், அதற்கு 20 வீதத்தில் கூடிப்போனால் 240 பவுண் வரி. சலுகையைக் கோரினால் அந்த 240 மிச்சம். ஆனால் கோரிய வருடத்தில் 12,570 பவுண் தனிநபர் விலக்கு இல்லாமல் போகும், அதற்கு 20 வீதம் 2,514 பவுண். 240 ஐக் காப்பாற்ற 2,514 ஐக் கொடுக்கிற வியாபாரம். கட்டார், சவூதி, அமீரகத்தில் சம்பளத்துக்கு வரியே இல்லை, ஆகவே அங்கே "வரிச்சலுகை" என்று விற்க ஒன்றுமில்லை.

ஒல்லாந்துக்குத் திரும்பினால், ஊரை விட்டுக் கிளம்புமுன் எடுத்து வைக்க வேண்டியவை: கடைசி 24 மாதச் சம்பளச் சீட்டுகள், அதே காலத்து வங்கிக் கூற்று, வேலைசெய்த நிறுவனத்திடம் வருமான வரி கழித்ததற்கான டி-10 சான்றிதழ், கிராம உத்தியோகத்தரிடம் எடுத்துப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ், பட்டமும் பெறுபேற்றுத் தாளும். வதிவிடச் சான்றிதழில் எந்தத் திகதியிலிருந்து வசிக்கிறார் என்பது எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். "நிரந்தர வதிவாளர்" என்று மட்டும் இருந்தால் 16 மாதத்தை நிரூபிக்க அது உதவாது. தமிழில் இருக்கும் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டில் உள்ளபடியே வரட்டும், முதலெழுத்து முன்னுக்கா பின்னுக்கா என்பது உட்பட. டி-10 இன் ஒரு பிரதியை வீட்டில் விட்டுப் போங்கள், நவம்பர் 30 க்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டிய வருமான விபரத்திரட்டுக்கு அதே தாள்தான் தேவைப்படும்.